பலகார அடுப்பின் முன் நிற்பதும் ஆராதனையா?

காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாள். இரண்டு இடங்களில் எண்ணெய்க் கறை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பிளஸ் டூ. ஒன்பது ஆண்டுகளாக ஓர் ஆச்சி நடத்தும் பலகாரக் கூடத்தில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார். கல்யாண வீடுகளுக்கான தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் அங்கிருந்து டின் டின்னாகப் போகின்றன. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மூன்று மணி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. பகலில் கணவரின் சித்தி வந்து பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் இந்தச் சகோதரியின் தலையில்.

"முன்பு நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பேன். வெள்ளிக்கிழமை மாலை உபவாசக் கூட்டத்தைத் தவறவிட்டதே இல்லை. இப்போது வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் தூங்கிவிடுகிறேன். ஜெபக்குழுச் சகோதரி ஒருவர் எல்லார் முன்பும், 'நீங்கள் மார்த்தாளாகிவிட்டீர்கள், நல்ல பங்கு மரியாளுக்குத்தான்' என்று சொன்னார். அன்றிலிருந்து ஆண்டவர் தூரமாகப் போய்விட்டார் என்றே தோன்றுகிறது" என்று எழுதுகிறார்.

இதற்கு நடுவே இன்னும் இரண்டு குரல்கள். 'அன்றாட வேலையும் ஆராதனைதான்' என்று அவர்களுடைய போதகர் ஒரு ஞாயிறன்று பிரசங்கித்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்த கணவர், "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? அம்மாவைப் பார்த்துக்கொள், அதுவே ஆராதனை" என்கிறார். பேச்சுவாக்கில் இதை அறிந்த ஆச்சியோ, "உங்கள் வேதத்திலேயே உழைப்பைத்தானே சொல்லியிருக்கிறது, கல்யாண மாதத்தில் ஞாயிறும் வந்துவிடு" என்று சொல்லியிருக்கிறார். கூடுதல் கூலியைப் பற்றிப் பேச்சில்லை. போதாக்குறைக்கு, கோயில் குடமுழுக்குக்கு வந்த அதிரச ஆர்டரில் கை வைத்தது பாவம் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் தீர்வாக, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஜெப ஊழியத்துக்குப் போய்விடலாமா என்பது அவருடைய கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் ஜெபக்குழுச் சகோதரிமீது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை அது கொஞ்சம் தணிந்தது. அவரும் யாரிடமோ கேட்டதைத்தானே சொல்லியிருப்பார்? நம் பிரசங்க மேடைகளில் மார்த்தாள் பட்ட அடி கொஞ்சநஞ்சமல்ல. முதலில் அந்தக் கணக்கை நேர்செய்துவிடுவோம்.

மார்த்தாள் எதற்காகக் கண்டிக்கப்பட்டாள்?

லூக்கா பத்தாம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்வதில் மார்த்தாள் ஓடிக்கொண்டிருக்கிறாள்; உடன்பிறந்த மரியாளோ அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவே நல்ல பங்கு என்று பெயரும் வாங்குகிறாள். "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்கிறார் இயேசு. சமைத்ததற்கு அங்கே கண்டனம் இல்லை. கலங்கியதும், அந்தக் கலக்கத்தில் உடன்பிறந்தவளைப் பற்றிப் புகார் சொன்னதும்தான் அங்கே பேச்சு. அப்படிப் பார்த்தால், இன்னொரு பெண் முழங்காலில் நிற்கிறாளா என்று நோட்டம் பார்ப்பவர்தான் மார்த்தாளின் அன்றைய மனநிலைக்கு நெருக்கமாக இருக்கிறார். இதை அந்தச் சகோதரியிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்காகச் சொல்லிக்கொண்டேன்.

மார்த்தாளின் கதை அங்கே முடிந்துவிடவும் இல்லை. சகோதரன் லாசரு இறந்த துக்கத்தில், "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று வாய்விட்டு அறிக்கையிட்டவள் அவள்தான். யோவான் பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடி ஒரு விருந்து. மரியாள் பரிமளத் தைலத்தோடு வருகிறாள். மார்த்தாள்? "மார்த்தாள் பணிவிடை செய்தாள்." மறுபடியும் பந்தியில் நிற்கிறாள், மறுபடியும் பரிமாறுகிறாள். இந்த முறை யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. வேலை அதேதான், கலக்கம் போய்விட்டது.

அந்த வசனத்தில் 'பணிவிடை' என்று இருக்கிறதல்லவா, அந்தச் சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். அலுவலகத்துக்குப் போகிறவரைப் பணிக்குப் போகிறார் என்கிறோம். தலை தாழ்த்துவதைப் பணிதல் என்கிறோம். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவை "பணிந்துகொள்ள" வந்ததாக நம் வேதாகமம் சொல்கிறது. மார்த்தாள் செய்தது "பணிவிடை". கும்பிடுவதும் குனிந்து வேலை செய்வதும் நம் மொழியில் ஒரே சொல்லின் இரண்டு முகங்களாக நிற்கின்றன.

எபிரெய மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு: அவோதா. அதன் வினைச்சொல் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்த மனிதன் வைக்கப்பட்டான் என்கிற இடம் அது. யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில், "இந்த மலையில் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள்" என்று கர்த்தர் மோசேயிடம் சொல்லும்போது அதே வினை மறுபடி வருகிறது. மண்ணைக் கொத்துவதற்கும் மலையில் தொழுவதற்கும் ஒரே சொல். ஆகவே உங்கள் போதகர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சொல் மூன்றாவது ஓரிடத்திலும் வருகிறது. உங்கள் கணவருக்கும் ஆச்சிக்கும் அந்த இடம்தான் தேவைப்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சீடை வெடிக்கும் நேரத்தில் ஜெபமா?

"வேலையே ஆராதனை என்றால் வேலை செய்யும்போது முழுதும் ஆண்டவரை நினைக்கவேண்டுமே, எனக்கு எண்ணெய்ச் சட்டியைத் தவிர வேறு நினைப்பே வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிதான் என்னை அதிகம் தொட்டது. இதில்தான் ஒரு தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது.

நான் சில ஆண்டுகள் காரைக்குடியில் இருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பெருமைக்குச் சீடை கற்றுக்கொள்ளப் போய், மாவைச் சரியாகச் சலிக்காமல் உருட்டிப் போட்டு, அது எண்ணெயில் வெடித்து முழங்கை வரை கொப்பளித்தது. மாவில் கட்டி நின்றாலும் ஈரம் நின்றாலும் சீடை வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதிரசப் பாகு ஒரு நொடி முந்தினால் மாவு தளர்ந்துவிடும், ஒரு நொடி பிந்தினால் கல்லாகிவிடும். அந்த நொடியில் நீங்கள் சங்கீதத்தை நினைத்துக்கொண்டிருந்தால் பாகு கெடும், கை வேகும், ஆச்சி திட்டுவார். ஆண்டவர் இதையா உங்களிடம் கேட்கிறார்?

எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கும்போது எண்ணெய்ச் சட்டியை மட்டும் நினைப்பதே அந்த நேரத்துக்குரிய காணிக்கை. அந்த டின்னைத் திறக்கப்போகும் ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் குழந்தையின் வாயில் தேன்குழல் நொறுங்கவேண்டும், காறல் அடிக்கக்கூடாது என்று நீங்கள் படும் கவனம் இருக்கிறதே, அதைத்தான் பவுல், "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயருக்கு எழுதினார். 'மனப்பூர்வமாய்' என்றால் மனம் முழுவதும் வேலையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்பு போர்வீரராக இருந்தவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல்கட்டு. சமையல் அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பல ஆண்டுகள் அந்தப் பிடிக்காத வேலையைச் செய்துகொண்டே, பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணையின் முன் முழந்தாளிடுகிற அதே அமைதியோடு இறைவனோடு இருக்கப் பழகினார். அவருடைய புகழ் பரவிய அளவுக்கு இன்னொரு செய்தி பரவவில்லை: முதல் பத்தாண்டுகள் தாம் மிகவும் வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார். 1691-இல் இறந்தார். உங்களுக்குப் பக்கவாத மாமியாரோடு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருக்கின்றன, சகோதரி. அதற்குள் தேர்ச்சி எதிர்பார்க்கிறீர்கள்.

உங்கள் நான்காம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் அப்பா ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போட்டவர் என்றும், சத்தமாக ஜெபிக்க அவருக்குத் தெரியாது என்றும், ஆனால் பூவின் ஓரத்தில் வண்ணம் மயிரிழை கலந்துவிட்டாலும் அந்தக் கல்லை விற்பனைக்கு அனுப்பமாட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மூடிவிட்டால் போட்டவருக்கே பூ தெரியாது; காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி விலகும்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட வேலையில் யாரும் பார்க்காதபோது ஒரு கல்லை ஒதுக்கிவைத்தவரைப் பற்றிய வரியை ஏன் அடித்தீர்கள்? 'இது ஆவிக்குரிய விஷயம் இல்லையே' என்று நினைத்தீர்களோ? ஆசரிப்புக் கூடாரத்தில் பொன், வெள்ளி, கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்வதற்காகப் பெசலெயேலை தேவ ஆவியால் நிரப்பினேன் என்று யாத்திராகமம் முப்பத்தோராம் அதிகாரம் சொல்கிறது. ஆவியால் நிரப்பப்பட்டதாக வேதம் இவ்வளவு வெளிப்படையாக முதன்முதலில் சொல்வது ஒரு கைவினைஞரைப் பற்றித்தான்.

சகரியா தீர்க்கதரிசியின் கடைசி வசனங்களையும் ஒருமுறை பாருங்கள். பிரதான ஆசாரியனின் நெற்றிப் பட்டத்தில் இருந்த 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற எழுத்து, அந்த நாளில் குதிரைகளின் மணிகளில் இருக்கும் என்கிறார். எருசலேமிலுள்ள சகல பானைகளும் பரிசுத்தமாகும் என்கிறார். ஆலயத்துப் பானை, வீட்டுப் பானை என்ற பிரிவே அங்கே இல்லை. உங்கள் கூடத்திலுள்ள பித்தளை அண்டாக்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள்.

குடமுழுக்கு அதிரசம் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. "நீங்கள் புசித்தாலும், குடித்தாலும், எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்" என்ற வசனம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அது எந்த விவாதத்தின் முடிவில் வருகிறது தெரியுமா? படைத்த உணவை உண்ணலாமா, கூடாதா என்ற கொரிந்து சபையின் நீண்ட சர்ச்சையின் முடிவில்தான். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள், துருவித் துருவி விசாரிக்கவேண்டாம் என்றுதான் பவுல் அங்கே சொன்னார். நீங்கள் பாகு காய்ச்சினீர்கள், கூலி வாங்கினீர்கள். படைப்பது படைப்பவரின் செயல். இதற்குமேலும் உங்கள் மனச்சாட்சி உறுத்தினால் அன்று மட்டும் வேறு வேலை கேளுங்கள். இன்னொருவரின் மிரட்டலுக்காகக் கேட்கவேண்டாம்.

பார்வோனும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தான்

இப்போது அந்த மூன்றாவது இடம். எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் சுமந்து நொந்தார்களே, யாத்திராகமம் முதல் அதிகாரம், அந்த அடிமை வேலைக்கும் எபிரெயத்தில் அதே அவோதாதான். ஏதேனில் தோட்ட வேலை, மலையில் ஆராதனை, எகிப்தில் அடிமைத்தனம், மூன்றுக்கும் ஒரே சொல். ஆகவே வேலை என்று பெயர் வைத்துவிட்டாலே அது ஆராதனையாகிவிடாது. யாருக்காக, யார் பிடித்துத் தள்ளி, எதை விலையாகக் கொடுத்து என்றெல்லாம் கேட்டாகவேண்டும்.

ஐந்தாம் அதிகாரத்தில் மோசே, ஆராதிக்கப் போகவேண்டும், ஜனங்களை விடு என்று கேட்கிறார். எகிப்து மன்னன் பார்வோனின் பதில் என்ன? நீங்கள் சோம்பேறிகள், அதனால்தான் பலியிடப் போகவேண்டும் என்கிறீர்கள் என்கிறான். வைக்கோலையும் நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கைக் குறைக்காதே என்கிறான். வேலையைக் காட்டி ஆராதனையை மறிப்பது ஆதியிலிருந்தே பார்வோன் பேச்சு.

உங்கள் ஆச்சியைப் பார்வோன் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நல்லவர்களும் கல்யாண மாதத்தில் பார்வோன் மாதிரிப் பேசிவிடுவார்கள். அவர் உங்கள் வேதத்தை மேற்கோள் காட்டினால், மரியாதையோடு மீதியையும் சொல்லலாம். வேலைக்காரர்களுக்கு எழுதிய அதே கடிதத்தில் பவுல், எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார். உபாகமம் ஐந்தாம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணமும் இதுதான்: உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும், நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள்.

சட்டப்படி உங்களுக்கு என்ன உண்டு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. பொதுவானதை மட்டும் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது நம் தொழிலாளர் சட்டங்களின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆனால் அந்த நாள் ஞாயிறாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த வகையில் உங்கள் எண்ணம் தவறு. சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்களில் குறித்த நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும். நாள் முழுதும் நின்று கால் வீங்குகிறது என்றீர்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. உங்கள் கூடம் எந்தச் சட்டத்தின்கீழ் வரும் என்பது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிவகங்கை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் அங்கே போவதற்கு முன் ஆச்சியிடம் பேசுங்கள் என்பதுதான் என் யோசனை. கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம். கணக்கு முடிக்கும் மாலை வேளையில் தனியாகப் பேசுங்கள். "ஆச்சி, கல்யாண மாதம் கைவிட்டுப் போகமாட்டேன். சனிக்கிழமை மாவைச் சலித்துப் பக்குவம் பண்ணி வைத்துவிட்டுப் போகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வருகிறேன். அந்த நாளுக்குக் கூலி எவ்வளவு என்று இப்போதே பேசிக்கொள்வோம். வாரத்தில் வேறொரு நாள் எனக்கு விடுமுறை வேண்டும்." இவ்வளவுதான். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அந்த ஆபத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் பாகுப் பதம் பார்த்த கை அந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்காது. அது ஆச்சிக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

கணவருக்கு ஒரு வார்த்தை

ஞாயிறு ஆராதனையை விட்டுவிடலாமே என்பது கணவருடைய வாதம். கல்யாணமான ஒருவர், 'நான் சம்பாதிப்பதெல்லாம் உனக்காகத்தானே, தனியாக உட்கார்ந்து பேசவேறு வேண்டுமா?' என்று மனைவியிடம் கேட்டால் எப்படி இருக்கும்? சம்பாதிப்பதும் அன்புதான், அதற்காகப் பேச்சை நிறுத்திவிட முடியுமா? வாரத்தில் ஒரு முறை பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து எழுந்தவருக்குத்தான் மற்ற ஆறு நாளும் அடுப்பு பலிபீடமாகத் தெரியும். ஞாயிறு இல்லாத வீட்டில், கொஞ்ச நாளில் வேலை வெறும் வேலையாகிவிடும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 1522-இல் மார்ட்டின் லூத்தர் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு துவைப்பவரை ஊர் கேலி செய்யலாம், தேவனோ தம் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ந்து புன்னகைக்கிறார் என்று எழுதினார். அங்கே துவைத்துக்கொண்டிருப்பவர் தாய் அல்ல, தந்தை. வீட்டு வேலை ஆராதனை என்றால் அந்த ஆராதனையில் ஆண்களுக்கும் இடம் உண்டு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தாயைக் கவனிப்பதைக் கணவரின் ஆராதனையாக வைத்துக்கொள்ளட்டும்; அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். தேவகோட்டையில் நாத்தனார் இருக்கிறார், மாதம் ஒரு முறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆப்பிள் வேண்டாம், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து தங்கட்டும். நீங்கள் உபவாசக் கூட்டத்துக்குப் போய்விட்டு வரலாம்.

மாமியாரும் முழுநேர ஊழியமும்

வேலையை விட்டுவிட்டு ஜெப ஊழியத்துக்குப் போவது பற்றி. சொல்லித்தான் ஆகவேண்டும்: இப்போது வேண்டாம். அழைப்பு என்பது வேறு, தப்பித்தல் என்பது வேறு. உங்கள் கடிதத்தில் ஊழியத்தைப் பற்றிய பத்தி நான்கு வரி. களைப்பைப் பற்றிய பத்திகள் மூன்று பக்கம். மகளின் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. கணவரின் ஆட்டோவுக்குத் தவணை போகிறது. 'கொர்பான்' என்று சொல்லிக் காணிக்கையைத் தேவனுக்கு ஒதுக்கிவிட்டுத் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவரைக் கவனிப்பது ஊழியத்துக்குத் தடை என்று உங்களுக்கு யார் சொன்னது?

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். துறவு மடங்களில் ஜெப வேளைக்கு மணியடித்து எழுப்புவார்கள். உங்கள் வீட்டில் அந்த மணியை மாமியாரின் முதுகு அடிக்கிறது. எழுந்திருக்கிற அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் எதுவும் வேண்டாம். அவர் தோளைப் பிடிக்கும்போது அவருடைய பெயரைச் சொல்லி, 'ஆண்டவரே, இரங்கும்' என்று இரண்டே சொல் போதும். முன்பு முழங்காலில் நின்று யார் யாருக்காகவோ ஜெபித்தீர்கள். இப்போது யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர் உடம்பே உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு சின்ன யோசனை. பக்கவாதத்தால் பேச்சு குழறியவர்களில் சிலருக்குப் பழகிய பாட்டு மட்டும் வாயில் வரும். உங்கள் மாமியாருக்கு இளமையில் தெரிந்த ஒரு கீர்த்தனையை இரவில் துணி மாற்றும்போது மெதுவாக எடுத்துப் பாடிப் பாருங்கள். அவரும் சேர்ந்துகொண்டால் அன்றைக்குக் குடும்ப ஜெபம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் குறையில்லை, உங்கள் குரல் அவருக்குக் கேட்டிருக்கும்.

மனிதத் துணையையும் தேடிக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளாக இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படிப் போகும்போது உங்களையும் காட்டுங்கள். ஆண்டவர் தூரமாகிவிட்டார் என்று எழுதிய அதே பக்கத்தில், படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிடாய் பத்து நாள் நிற்பதில்லை, உட்கார்ந்தால் தூக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேதத்தைத் திறந்ததும் தூங்குவது விசுவாசக் குறைவாக எனக்குத் தெரியவில்லை. ரத்தக் குறைவாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், நாள் முழுதும் நின்ற உடம்பின் நியாயமான களைப்பாகவும் இருக்கலாம். பெண் மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். பத்து நாள் உதிரப்போக்கைத் தள்ளிப்போடக் கூடாது. சூரைச் செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

இந்த வாரத்துக்கு மூன்றே காரியங்கள்: சுகாதார நிலையத்துக்குப் போவது, நாத்தனாருக்குப் போன் செய்வது, ஆச்சியிடம் பேசுவது. இதே வரிசையில் செய்யுங்கள். நான்கு மணி ஜெபத்தை இப்போதைக்கு விடுங்கள்; அந்த ஒரு மணி நேரம் தூங்குங்கள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு வசனம், இரவு விளக்கை அணைக்கும்போது ஒரு நன்றி. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், ஆச்சி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து. அப்பாவைப் பற்றிய வரியை இந்த முறை அடிக்காமல் எழுதுங்கள்.